அடுக்குமாடி வீட்டுக்கும் வேண்டும் ஒரு மறுநடவு நிதி

தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகினால் கிராணியிடமோ மானேஜரிடமோ போய்ச் சொல்வார்கள். உடனே ஆள் வந்ததா, ஆறு மாதம் இழுத்தடித்தார்களா என்பது வேறு கதை. ஆனால் பழுதுபார்க்க வேண்டியது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். அதைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பதும் நிர்வாகத்தின் கடமை. தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டமும், அதாவது சட்டம் 446-உம், அந்தப் பொறுப்பை முதலாளியிடமே வைத்தது.

பேராக் மாநிலத்தில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பின், லயத்தில் பிறந்து வளர்ந்த பலர் ஈப்போவிலும் சுற்றுவட்டாரப் பட்டணங்களிலும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்தார்கள். முதல் முறையாக வீட்டு கிராண்ட் தங்கள் பெயரில் வந்தது பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு பொறுப்பும் கைமாறியதைப் பலர் கவனிக்கவில்லை. இங்கே கூரை ஒழுகினால் போய்ச் சொல்வதற்கு மானேஜர் இல்லை. கூரை, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய் எல்லாம் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுச் சொத்து. அவற்றைப் பழுதுபார்ப்பதும் அவர்கள் பொறுப்பு.

அந்தப் பொறுப்புக்கான சேமிப்புதான் 'சிங்கிங் ஃபண்ட்'. மலாய் ஆவணங்களில் இது 'கும்புலான் வாங் பெஞ்ஜெலாஸ்' என்று குறிக்கப்படுகிறது. மாதாமாதம் பில்லில் தனி வரியாக வந்தாலும், அது எதற்கு, போதுமா, எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

பால்மரம் சொல்லித்தந்த கணக்கு

பேராக் தமிழர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட மாநிலம் இது. தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்: கன்று நட்டு ஐந்து, ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் பால் வெட்ட முடியும், இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் மரம் ஓய்ந்துவிடும். மரம் பால் தரும் காலத்திலேயே அடுத்த நடவுக்குப் பணம் ஒதுக்காவிட்டால், ஓய்ந்த மரத்தைச் சாய்த்த பின் கையில் எதுவும் இருக்காது.

இதனால்தான் மலாயாவில் 1952-இல் ரப்பர் மறுநடவு நிதி சட்டப்படி ஏற்படுத்தப்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பர் மீது ஒரு சிறு தீர்வை பிடிக்கப்பட்டு, அந்தப் பணம் மறுநடவுக்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் 1973-இல் உருவான ரிஸ்டா சிறுதோட்டக்காரர்களுக்கான மறுநடவுப் பணியைத் தொடர்ந்தது.

கட்டடத்தின் கதையும் இதுதான். சாயம் எட்டு ஆண்டு தாங்கலாம், தண்ணீர் பம்ப் பத்து ஆண்டு, கூரை இருபது ஆண்டு. தேய்வது உறுதி, எந்த ஆண்டு என்பதையும் ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆகவே கூரை மாற்றும் செலவைத் திடீர்ச் செலவு என்று சொல்லிவிட முடியாது. திடீரென்று வருவது பில் மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அடுக்குமாடிகளின் நிர்வாகத்தை முறைப்படுத்தும் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ரேட்டா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, 2015 ஜூன் 1 முதல் பேராக்கில் நடப்பில் உள்ளது. அதற்கு முன் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் 663 இருந்தது. ஜேஎம்பி எனப்படும் கூட்டு நிர்வாக அமைப்பும், சிஓபி எனப்படும் கட்டட ஆணையர் பதவியும் அந்தச் சட்டத்தில்தான் முதலில் வந்தன. ஸ்ட்ரேட்டா கிராண்ட் கிடைத்து முறையான கூட்டம் நடந்த பின் எம்சி எனப்படும் நிர்வாகக் கழகம் பொறுப்பேற்கிறது. ஈப்போ மாநகர எல்லைக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கான கட்டட ஆணையர் அலுவலகம் ஈப்போ மாநகர் மன்றத்தில் இயங்குகிறது.

சட்டப்படி இரண்டு கணக்குகள் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்று பராமரிப்புக் கணக்கு: துப்புரவு, காவல், பொது விளக்குகளின் மின்கட்டணம், காப்புறுதி போன்ற அன்றாடச் செலவுகள் இதிலிருந்து போகும். மற்றொன்று சிங்கிங் ஃபண்ட் கணக்கு. பொதுப்பகுதிகளுக்குச் சாயம் பூசுதல், பொதுப் பயன்பாட்டுக்கான பொருள்கள் வாங்குதல், தேய்ந்துபோன பொருத்தப்பட்ட சாதனங்களை மாற்றுதல், பொதுப்பகுதிகளை மேம்படுத்துதல், இவை போன்ற பிற மூலதனச் செலவுகள் ஆகியவற்றுக்கு மட்டுமே இதிலிருந்து எடுக்கலாம். காவலர் சம்பளத்துக்குப் பணம் போதவில்லை என்று இதில் கை வைப்பது, அடுத்த நடவுக்கு வைத்த பணத்தில் அரிசி வாங்குவதற்குச் சமம்.

பராமரிப்புக் கட்டணம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு அலகின்படி கணக்கிடப்படுகிறது. சிங்கிங் ஃபண்டுக்கு அந்தக் கட்டணத்தின் 10 விழுக்காடு என்று சட்டம் ஓர் அளவைச் சொல்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 10 விழுக்காடு என்பது வசூலிக்கும் அளவு. கட்டடத்துக்குத் தேவையான அளவு எவ்வளவு என்று அது சொல்வதில்லை. கட்டணமே குறைவாக இருக்கும் மலிவுவிலை அடுக்குமாடியில், அதன் பத்தில் ஒரு பங்கு மிகச் சிறிய தொகை. கூரையின் விலை மட்டும் மலிவுவிலையில் கிடைப்பதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு

லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடம், 100 வீடுகள், எல்லா வீட்டுக்கும் ஒரே பங்கு அலகு, மாதப் பராமரிப்புக் கட்டணம் 50 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. உண்மையான விலைக்குக் குத்தகையாளரிடம் மதிப்பீடு வாங்க வேண்டும்.

• வெளிச்சுவர், படிக்கட்டுச் சாயம்: 80,000 ரிங்கிட், 8 ஆண்டுக்கு ஒருமுறை. ஆண்டுக்கு 10,000.
• கூரை: 60,000 ரிங்கிட், 20 ஆண்டு. ஆண்டுக்கு 3,000.
• தண்ணீர்த் தொட்டிகள்: 20,000 ரிங்கிட், 20 ஆண்டு. ஆண்டுக்கு 1,000.
• தண்ணீர் பம்ப்: 12,000 ரிங்கிட், 10 ஆண்டு. ஆண்டுக்கு 1,200.
• பொது மின்பலகையும் வயரிங்கும்: 40,000 ரிங்கிட், 25 ஆண்டு. ஆண்டுக்கு 1,600.
• கால்வாய், கழிவுநீர்க் குழாய், கார் நிறுத்துமிடத் தார்: 30,000 ரிங்கிட், 15 ஆண்டு. ஆண்டுக்கு 2,000.

மொத்தம் ஆண்டுக்கு 18,800 ரிங்கிட். 100 வீடுகளுக்கும் 12 மாதங்களுக்கும் பிரித்தால், ஒரு வீட்டுக்கு மாதம் 15 ரிங்கிட் 67 சென்.

இப்போது வசூலாவது 50 ரிங்கிட்டில் 10 விழுக்காடு, அதாவது 5 ரிங்கிட். எல்லாரும் தவறாமல் கட்டினால் ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் சேரும். எட்டு ஆண்டு ஒரு காசுகூடத் தொடாமல் வைத்திருந்தாலும் 48,000 தான். சாயத்துக்கு மட்டும் 80,000 தேவை. நூறில் அறுபது வீடு மட்டுமே கட்டினால், எட்டு ஆண்டின் முடிவில் இருப்பது 28,800.

இந்த இடைவெளியை யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. கணக்கு போடாததால் மட்டும் வந்த இடைவெளி இது. அது கண்ணுக்குத் தெரியும் நாளில்தான் 'பணமெல்லாம் எங்கே போனது?' என்று கூட்டத்தில் சத்தம் எழுகிறது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

மேலே உள்ள கணக்கு புதுக் கட்டடத்துக்கானது. பழைய கட்டடத்தில் எஞ்சியுள்ள ஆண்டுகளைத்தான் பார்க்க வேண்டும். கூரைக்கு வயது 14 ஆகிவிட்டது, அதற்கென்று எதுவும் சேர்க்கவில்லை என்றால், எஞ்சியிருப்பது 6 ஆண்டுதான். 60,000 ரிங்கிட்டை ஆறு ஆண்டில் சேர்க்க ஆண்டுக்கு 10,000 வேண்டும். முதல் நாளிலிருந்தே சேர்த்திருந்தால் ஒரு வீட்டுக்கு மாதம் 2 ரிங்கிட் 50 சென்னில் முடிந்திருக்கும். இப்போது 8 ரிங்கிட் 33 சென்.

விலைவாசியையும் மறக்கக் கூடாது. ஆண்டுக்கு 3 விழுக்காடு விலை ஏறினால், இன்று 60,000 ரிங்கிட் ஆகும் கூரை வேலை 20 ஆண்டு கழித்து ஏறத்தாழ 108,000 ரிங்கிட் ஆகும். அதனால் பட்டியலை ஒருமுறை எழுதி மாட்டி வைத்தால் போதாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது விலைகளைத் திருத்த வேண்டும்.

பணம் இல்லாமல் பேச்சிலேயே காலம் போனால் விளைவு எதுவரை போகலாம் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்ததைச் சொல்லலாம். சர்ஃப்சைட் நகரில் 1981-இல் கட்டப்பட்ட 12 மாடி சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் கட்டடத்தின் ஒரு பகுதி, 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து விழுந்தது. 98 பேர் உயிரிழந்தார்கள். நீச்சல்குளத் தளத்தின் கீழ் நீர் கசிந்து கான்கிரீட் சேதமடைந்திருப்பதை 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை சுட்டிக்காட்டியிருந்தது. சேமிப்பு நிதி போதவில்லை. 2021-இல் ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் டாலரை வீட்டுக்காரர்களிடம் திரட்ட முடிவாகி, வேலை முழுமையாகத் தொடங்கும் முன் கட்டடம் விழுந்துவிட்டது. சேமிப்பு இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அறிக்கைக்கும் பழுதுபார்ப்புக்கும் இடையே மூன்று ஆண்டு ஓடிவிட்டது. மறு ஆண்டே ஃபுளோரிடா சட்டம் இயற்றியது: மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடிகள் தங்கள் கட்டமைப்பின் எஞ்சிய ஆயுளை ஆய்வு செய்து, அதற்கேற்பச் சேமிக்க வேண்டும்.

மலேசியாவில் 1974-ஆம் ஆண்டு சாலை, கால்வாய், கட்டடச் சட்டத்தின் 85ஏ பிரிவு, ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வகை செய்கிறது. கவனிக்க வேண்டியது 'ஐந்து மாடிக்கு மேற்பட்ட' என்ற சொல். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிப் பழைய அடுக்குமாடிகள் இந்த வரம்புக்குள் வருவதில்லை. அங்கே குடியிருப்பவர்கள் தாங்களாகவே ஒரு பொறியாளரை அழைத்துப் பார்த்துக்கொள்வதுதான் வழி.

'எனக்கு எதற்கு?' என்ற கேள்வி

ஆண்டுக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் வாதங்கள் சில உண்டு. அவற்றுக்கான பதிலும் தெரிந்திருக்க வேண்டும்.

கீழ்வீட்டுக்காரர் சொல்வது: 'கூரை ஒழுகினால் மேல்மாடிக்காரருக்குத்தான் பாதிப்பு. நான் ஏன் கட்ட வேண்டும்?' கூரை பொதுச் சொத்து. கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலேறி வருவது கீழ்வீட்டில்தான். அப்போது அந்தக் குழாய்க்கு மேல்மாடிக்காரரும் சேர்ந்துதான் கட்டுகிறார்.

வயதானவர் சொல்வது: 'இருபது ஆண்டு கழித்து மாற்றும் கூரைக்கு நான் ஏன் இப்போது கட்ட வேண்டும்? அதுவரை இருப்பேனா?' இது புறந்தள்ள வேண்டிய கேள்வி அல்ல. ஆனால் அவர் கட்டுவது இருபது ஆண்டு கழித்து வரும் புதுக் கூரைக்காக என்பதைவிட, இந்த ஆண்டு அவர் தலைக்கு மேல் இருந்து தேய்ந்த கூரைக்காக என்பதே சரி. ஏழு ஆண்டு குடியிருந்தவர் எதுவும் கட்டாமல் வீட்டை விற்றுப் போனால், அவர் அனுபவித்த ஏழு ஆண்டுத் தேய்மானத்தின் செலவு, நேற்று வீடு வாங்கியவர் தலையில் விழும்.

வேறொருவர் சொல்வது: 'கூட்டு கட்டுகிற மாதிரி என் பணம் எனக்கு எப்போது வரும்?' கூட்டு பிடிப்பது மலேசியத் தமிழர்களுக்கு நன்கு பழகியது. 1971-இல் அதைத் தடைசெய்த சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற தமிழ்ச் சொல் ஏறியிருக்கிறது. கூட்டுப் பணம் முறை வைத்து ஆளுக்கு ஆள் கைக்கு வரும். சிங்கிங் ஃபண்ட் பணம் யார் கைக்கும் வராது, கட்டடத்துக்கே போகும். வீட்டை விற்றாலும் கட்டிய பங்கு கட்டடத்தோடுதான் இருக்கும்.

'தீப்பிடித்தால் காப்புறுதி இருக்கிறதே' என்பவர்களும் உண்டு. காப்புறுதி விபத்துக்கு, நாள்பட்ட தேய்மானத்துக்கு அது பணம் தராது.

சிறு தொகையை நம்பிய ஒரு முன்மாதிரி

மாதம் பத்துப் பதினைந்து ரிங்கிட்டில் என்ன ஆகப்போகிறது என்ற அவநம்பிக்கைக்குப் பேராக்கிலேயே பதில் இருக்கிறது. 1950-களில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்று, அவை துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் சேர்ந்தே இழந்த நேரத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேருங்கள் என்று கேட்டார். பால்வெட்டுத் தொழிலாளர்களின் அந்தத் தவணைப் பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களையே வாங்கியது.

அன்று பணம் கட்டியவர்கள் வசதியானவர்கள் அல்ல. பணம் எதற்கு என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது. அடுக்குமாடி நிர்வாகங்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் அதுவே: 'கட்டுங்கள்' என்ற நோட்டீஸ் மட்டும் ஒட்டுவதைவிட, எதற்குக் கட்டுகிறோம் என்ற பட்டியலையும் பக்கத்தில் ஒட்டினால் வசூல் கூடும்.

கட்டாதவர்களை என்ன செய்வது?

நூறில் நாற்பது வீடு கட்டாவிட்டால் எந்தத் திட்டமும் நிற்காது. சட்டம் சில வழிகளைத் தருகிறது. பாக்கி வைத்திருப்பவருக்கு ஜேஎம்பி அல்லது எம்சி எழுத்துமூலம் கோரிக்கை அறிக்கை அனுப்பி, 14 நாள் அவகாசம் தரலாம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி விதிக்கலாம். அதன் பின்னும் கட்டாவிட்டால் ஸ்ட்ரேட்டா நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாம். அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்யும் ஆணைக்குக் கட்டட ஆணையரிடமும் விண்ணப்பிக்கலாம். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு பாக்கி இருந்தால் அந்த உரிமையாளர் வாக்களிக்க முடியாது. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாலும் கட்டும் பொறுப்பு உரிமையாளருடையதே.

ஆனால் வேலை போனவரையும், இரண்டு வீட்டை வாடகைக்கு விட்டுக்கொண்டே கட்டாமல் இருப்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதலாமவருக்குத் தவணை முறையில் பாக்கியைத் தீர்க்க வழி செய்வதும், இரண்டாமவர் மீது தயங்காமல் நடவடிக்கை எடுப்பதும் நிர்வாகக் குழுவின் வேலை.

அரசாங்க உதவியும் உண்டு. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு முன்பு டிபி1எம் என்ற பெயரில் மலிவுவிலை அடுக்குமாடிகளின் பழுதுபார்ப்புக்கு நிதி வழங்கியது. அதன் பின்னும் இத்தகைய திட்டங்கள் வெவ்வேறு பெயர்களில் வந்துள்ளன. விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். ஆனால் அதை நம்பி மட்டும் சேமிப்பை நிறுத்துவது சரியல்ல. ஒரு முறை வரும் உதவி சாயத்துக்கு உதவும். எட்டு ஆண்டு கழித்து அதே சுவர் மீண்டும் சாயம் கேட்கும்.

எங்கே தொடங்குவது?

முதலில் பட்டியல். நிர்வாகக் குழுவினர் இருவரும் கட்டட வேலை தெரிந்த குடியிருப்பாளர் ஒருவரும் கூரையிலிருந்து கால்வாய்வரை நடந்து பார்த்து, ஒவ்வொரு பொதுப்பொருளையும் அதன் வயதையும் கடைசியாகப் பழுதுபார்த்த ஆண்டையும் எழுத வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை போதும்.

அடுத்து விலை. ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது இரண்டு மதிப்பீடுகள் வாங்கி, எஞ்சிய ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுத் தேவை தெரிந்துவிடும். சிங்கிங் ஃபண்டில் ஏற்கெனவே உள்ள பணத்தை, முதலில் வரவிருக்கும் வேலைக்குக் கழித்துக்கொள்ளலாம்.

பிறகு முடிவு. இடைவெளி பெரிதாக இருந்தால் மூன்று வழிகள்: கட்டணத்தை ஒரே அடியாக ஏற்றாமல் இரண்டு மூன்று ஆண்டில் படிப்படியாக உயர்த்துவது, வேலையைப் பகுதி பகுதியாகச் செய்வது, உயிருக்கு ஆபத்தானதை முதலிலும் அழகுக்கானதைக் கடைசியிலும் வைப்பது. மின்பலகை, தளர்ந்த படிக்கட்டுக் கம்பி, உதிரும் கான்கிரீட் ஆகியவை சாயத்துக்கு முன் வர வேண்டும். 10 விழுக்காட்டுக்கு மேல் திரட்டுவதற்கான முறை ஜேஎம்பி, எம்சி என்ற நிலையைப் பொறுத்தது. தீர்மானம் கொண்டுவரும் முன் கட்டட ஆணையர் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

நிர்வாகக் குழுவில் இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஐந்து கேள்விகள் கேட்டால் போதும்:

1. சிங்கிங் ஃபண்ட் தனி வங்கிக் கணக்கில் இருக்கிறதா? இன்றைய இருப்பு எவ்வளவு?
2. கடந்த ஆண்டு அதிலிருந்து எடுத்தது எவ்வளவு, எதற்கு?
3. தணிக்கை செய்யப்பட்ட கணக்கு எங்கே?
4. அடுத்த பத்து ஆண்டில் வரவிருக்கும் பெரிய வேலைகள் எவை?
5. எத்தனை வீடு பாக்கி, எவ்வளவு?

அடுக்குமாடியில் வீடு வாங்க நினைப்பவர்களும் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதே கேள்விகளைக் கேட்கலாம். சமையலறை ஓடு புதிதா என்று பார்ப்பதற்கு முன், மொட்டைமாடிக்கு ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வருவது நல்லது. வீட்டின் உள்ளே இருப்பதை வாங்கியவர் தன் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். கூரையை மாற்ற நூறு வீடு சேர வேண்டும்.